அப்பக்காரி விட்ட மாத்திரை

தெசாங்காவுக்கு இரத்தம் திரும்பி வந்தது செப்டம்பர் கடைசியில், ஊரே குளிர்காலத்துக்காகச் சிவப்புக் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த வாரத்தில். முற்றத்தில் அடுப்பு மூட்டி, சுட்ட மிளகாயின் தோலை உரித்துக்கொண்டிருந்தவள், அடிவயிறு கனப்பதாகத் தோன்றி உள்ளே போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டாள். விலக்கு நின்று ஆறு வருஷம் கழித்து, ஐம்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இப்படி ஆனால் முதலில் எதைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்று படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தெசாங்காவுக்கு அந்தப் பயம் வரவில்லை. 'போச்சு, ஞாயிற்றுக்கிழமை அப்பம்' என்றுதான் நினைத்தாள்.

ஊர்க்கோயில் புனித பெட்காவுடையது. அங்கே நற்கருணைக்கு வைக்கும் அப்பத்தைப் பிசைந்து, மேலே சிலுவை முத்திரை குத்திச் சுட்டுக் கொடுப்பவள் தெசாங்கா. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பு, ஒரு ஜெபம். வேறொன்றும் இல்லை. ஆனால் பிசைகிற கை தீட்டில்லாத கையாக இருக்க வேண்டும். அதனால் அந்த வேலை எப்போதும் விலக்கு நின்றவளுக்குத்தான். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று ஃபாதர் லாசரைக் கேட்டால் அவர் தாடியைத் தடவுவார். புத்தகத்தில் இருக்கிற கட்டளைகளையெல்லாம் அந்த ஊர் சௌகரியம் போல வளைத்துக்கொள்ளும். புத்தகத்தில் இல்லாததைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

அப்பக்காரி என்றால் சும்மா இல்லை. மெழுகுவத்தி மேடைக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஓர் இடம். கடைத்தெருவில் வழி விடுவார்கள். அவள் கணவன் புதிமிர், நீர்வாரியத்தில் குழாய் மீட்டர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர், இன்று கோயில் கமிட்டித் தலைவர். தன் நிர்வாகத் திறமையால் அந்தப் பதவி வந்தது என்று அவர் நம்பினார். அந்த நாற்காலியின் நான்கு கால்களும் மனைவியின் மாவில் ஊன்றியிருந்தது ஊருக்குத் தெரியும்.

இந்த இரத்தத்துக்கு ஒரு முன்கதை உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன் தெசாங்காவுக்குத் தூக்கம் போயிற்று. நெஞ்சிலிருந்து நெருப்பு கிளம்பி நெற்றி வரைக்கும் ஏறும், வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். போர்வையை உதறுவதும் இழுப்பதுமாக விடிந்துவிடும். பகலில் நின்றபடியே கண் சொருகும். வெந்நீர் ஊற்றுக்குப் பக்கத்திலிருந்த பழைய மாளிகையில் அப்போதுதான் 'இரண்டாம் வசந்தம்' என்ற தனியார் மருத்துவமனை வந்திருந்தது. அதை நடத்தியவர் ப்ரிமாரியுஸ் டாக்டர் வெலிபோர். ப்ரிமாரியுஸ் என்பது மூத்த மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பட்டம். அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு வெறும் டாக்டர் என்று கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பக்கத்தில் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

ப்ரிமாரியுஸ் இரண்டு மருந்து எழுதினார். தினமும் தொடையில் தடவ ஒரு ஹார்மோன் ஜெல். மாதத்தில் பாதி நாள் படுக்கப் போகும்போது விழுங்க இன்னொரு ஹார்மோன் மாத்திரை. ஜெல் தடவிய இரண்டாவது வாரமே நெருப்பு அணைந்தது. தெசாங்கா தூங்கினாள். நன்றிக்கடனாக ஒரு தட்டு நிறைய கிபானித்சா, அந்தப் பாலாடைக்கட்டி அடுக்குப் பலகாரம், செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் மாத்திரை முடிகிற ஒவ்வொரு மாதமும் பழைய விலக்கு மாதிரியே இரத்தம் வந்தது. இரண்டு மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லி அப்பத்திலிருந்து நழுவினாள். மூன்றாவது மாதம் ப்ரிமாரியுஸிடமே போய் நின்றாள்.

"எனக்கு ரத்தம் வரக்கூடாது, ப்ரிமாரியுஸ். நான் கோயிலுக்கு அப்பம் சுடறவ."

அவர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். "அம்மா, நல்ல தையல்காரன் ஆளுக்கு ஏத்த மாதிரிதான் தைப்பான். மாத்திரையை விட்டுடுங்க. இதுல ஜெல்தான் ராஜா. மாத்திரை கூடவே நடந்து வர்ற பல்லக்குத் தூக்கி."

பல்லக்குத் தூக்கியை அனுப்பிவிட்டார்கள். இரத்தம் நின்றது. ராஜா மூன்று வருஷம் தனியாக ஆண்டார். 'இரண்டாம் வசந்தம்' அச்சடித்த வண்ணத் தாளில் தெசாங்காவின் கன்னம் வந்தது.

இப்போது மறுபடியும் இது.

அந்தச் சனிக்கிழமை அவள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தெம்பும் இல்லை. மாவைப் பிசைந்தாள். தீட்டுக்காரி பிசைந்தால் மாவு பொங்காது என்று சொல்வார்கள். மாவு வழக்கத்தைவிட நன்றாகவே பொங்கிற்று. அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது. அடுத்த வாரம் இரத்தம் நின்றது, பிறகு வந்தது, பிறகு நின்றது. இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டுக்காகக் குடும்ப டாக்டரிடம் போனவள், வெளியே வரும்போது கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு அதையும் சொன்னாள். அவர் எழுந்து வந்து கதவைச் சாத்தி, அவளைத் திரும்ப உட்காரவைத்து, மாவட்ட மருத்துவமனைக்கு அவசரச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மருத்துவமனையில் டாக்டர் நெவென்கா தலை நரைத்தவள், காலில் வீட்டுச் செருப்பு. அறையில் ஜன்னல் சரியாக மூடாமல் காகிதம் செருகியிருந்தது. ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே, ரொட்டிக் கடையில் என்ன வேண்டும் என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"விலக்கு நின்னு எத்தனை வருஷம்?"

"ஆறு. இப்போதான் திரும்பி வந்திருக்கு."

"விலக்கு திரும்பியெல்லாம் வராதும்மா. இது வேற. என்ன மருந்து எடுக்கறீங்க?"

"ஜெல் மட்டும்."

"மட்டும்னா? கூட ஒரு மாத்திரை குடுத்திருப்பாங்களே."

"விட்டுட்டேன். அது ரத்தம் கொண்டுவந்துது."

"அது வேலையே அதுதான்." நெவென்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். அன்று காலையிலிருந்து எத்தனை பேருக்கு எத்தனை விஷயம் சொல்லியிருப்பாளோ. "ஜெல்லுல இருக்கறது ஈஸ்ட்ரோஜென். அதுக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தை. வளருன்னு சொல்லும். கருப்பையோட உள்சுவரும் கேட்டுக்கிட்டு வளரும். போதும், நிறுத்து, உதிருன்னு சொல்றது அந்த மாத்திரை. உங்க உள்சுவருக்கு மூணு வருஷமா போதும்னு சொல்ல ஆளே இல்ல. இவ்வளவு தடிமன் இருக்கக்கூடாது உங்க வயசுல."

தெசாங்காவுக்குப் புளிப்பு போட்டு, தட்டி அமுக்க மறந்து, பாத்திரத்தைத் தாண்டி மேசையெல்லாம் வழிந்த மாவு ஒன்று நினைவுக்கு வந்தது. 

"அது போதாதுன்னு," என்றாள் நெவென்கா, "விலக்கு நின்னப்புறம் வயித்துக் கொழுப்பும் தன் பங்குக்கு அதே ஈஸ்ட்ரோஜெனைத் தயார் பண்ணும். உங்க எடை கொஞ்சம் ஜாஸ்தி."

"கிபானித்சாவாலயா?"

"கிபானித்சா மேல நான் வழக்குப் போடல. ஒல்லியா இருக்கறவங்களும் இங்க வர்றாங்க. சக்கரை வியாதி இருக்கறவங்க வர்றாங்க, கல்யாண வயசுலேருந்து விலக்கே ஒழுங்கா வராதவங்க வர்றாங்க. சுத்தி வளைச்சுப் பாத்தா கதை ஒண்ணுதான். ஒரு ஹார்மோன் பேசிக்கிட்டே இருக்கு, இன்னொண்ணு ஊமையா இருக்கு." பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவள் போல: "ரத்தம்தான் பிரச்சினைன்னா ரெண்டையும் தினமும் சேத்துக் குடுத்திருக்கலாம். ஆரம்பத்துல கொஞ்சம் கறை படும், அப்புறம் பெரும்பாலும் அதுவும் நின்னுடும். ஒரு கேள்வி கேட்டிருந்தாப் போதும்."

"யாரு கேட்டிருக்கணும்?"

நெவென்கா யோசித்தாள். "நீங்க இல்ல," என்றாள்.

"புத்துநோயா?"

"தெரியாது. தெரியறதுக்குத்தான் உள்ள சுரண்டி எடுத்து அனுப்பணும். சின்ன மயக்கம், அரை மணி நேர வேலை." நாட்காட்டியைப் புரட்டினாள். "அக்டோபர் இருபத்தேழாம் தேதி காலைல ஒரு இடம் இருக்கு."

"அன்னைக்கு பெட்கா திருநாள்."

"தெரியும். பெட்கா பொம்பளைங்களுக்குப் பாதுகாவலிதானே, கோவிச்சுக்க மாட்டா. அதை விட்டா டிசம்பர் நடுவுல. நானா இருந்தா காத்துக்கிட்டு இருக்க மாட்டேன்."

அந்த வருஷத் திருநாள் மற்ற வருஷத்துத் திருநாள் போல இல்லை. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு பிஷப் வருகிறார். புதுச் சரவிளக்கு ஏற்றப்போகிறார்கள். பிஷப்பின் கையில் தெசாங்காவின் அப்பம். புதிமிர் இதற்காகவே ஒரு கறுப்புச் சூட்டு தைத்திருந்தார்.

அவள் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கல்லு மேல உக்காந்தே இல்ல, உங்கப்பா கல்லறைல. சொன்னேன், எழுந்திரு, குளிர் ஏறும்னு. ஏறிடுச்சு."

"கல்லு இல்ல புதிமிர். ஹார்மோன்."

"ஹார்மோன் உள்ள இருக்கு. குளிர் வெளியேருந்து வரும். எது முதல்ல?" அவருக்கே அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. "சரி, டிசம்பர்ல வெச்சுக்கோ. ஒன்றரை மாசத்துல என்ன ஆயிடப் போவுது?"

"புத்தா இருந்தா?"

அவர் அவசரமாகக் குனிந்து மேசைக்கு அடியில், வார்னீஷ் படாத மரத்தில் மூன்று தடவை தட்டினார். "அந்தப் பேரைச் சொல்லாதே. சொன்னா வரும்."

"சொல்லாமலே வந்திருக்கு போலிருக்கு."

"தெசா, நீ வெளியில என்ன சொல்லுவே? அன்னைக்கு வரலன்னா ஏன்னு கேப்பாங்க. ரத்தம்னு சொன்னா, அப்போ இத்தனை வாரம் பிசைஞ்சது யாருன்னு கேப்பாங்க. நான் கமிட்டித் தலைவர்."

அவர் சொன்னதில் கணக்குத் தவறு எதுவும் இல்லை. அதுதான் சலிப்பாக இருந்தது. மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் அப்பம் போகும், மெழுகுவத்தி மேடைப் பக்கத்து இடம் போகும், நாற்காலியின் நான்கு காலும் போகும். வாயைத் திறக்காவிட்டால் எது போகும் என்று இன்னும் தெரியாது. தெரிந்த நஷ்டத்துக்கும் தெரியாத நஷ்டத்துக்கும் நடுவில் நின்று சண்டை போடத் தெம்பில்லாதவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவளும் செய்தாள். டிசம்பருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவமனைக்குத் தொலைபேசி போட்டாள். யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் போட்டாள். அப்போதும் எடுக்கவில்லை. மாவட்ட மருத்துவமனையில் யாரும் தொலைபேசி எடுப்பதில்லை என்பதால் மட்டுமே அந்தத் தேதி அவள் பெயரில் நின்றது.

திருநாளுக்கு முந்தின வாரம் கோயில் மண்டபத்தில் கமிட்டி கூடியது. ஃபாதர் லாசர், அவர் மனைவி சவேத்தா (அந்தச் சபையில் பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு), புதிமிர், இன்னும் நான்கைந்து கமிட்டி ஆண்கள். சரவிளக்குக்குப் பணம் கொடுத்தவர் என்பதால் ப்ரிமாரியுஸ் வெலிபோரும் வந்திருந்தார். பிஷப் கையால் அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் உண்டு. அந்தப் பத்திரத்தில் தன் பெயருக்கு முன்னால் என்னென்ன போட வேண்டும் என்பதில் மாலையின் பெரும்பகுதி கழிந்தது. தெசாங்கா எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இடுப்பு கடுத்தது.

பட்டங்கள் ஒரு வழியாக முடிந்ததும் ப்ரிமாரியுஸ் எழுந்து நின்றார். நாலு வார்த்தை பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"விசுவாசத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சண்டைன்னு சொல்றாங்க. நான் சொல்றேன், சண்டையே இல்ல. சாட்சி வேணுமா? இதோ நம்ம அப்பக்காரம்மா. வயசு ஐம்பத்தாறு. இந்தக் கன்னத்தைப் பாத்து யாராவது சொல்லுவாங்களா? அருளும் ஹார்மோனும் ஒரே மேசையில உக்காந்தா இப்படித்தான் இருக்கும்."

எல்லாரும் கன்னத்தைப் பார்த்தார்கள். தெசாங்கா காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், கோபத்தில் ஒரு தெம்பு உண்டு. வந்தது அலுப்புத்தான். இந்தக் கன்னத்தை டிசம்பர் வரைக்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று நினைத்தபோது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு ரத்தம் வருது, ப்ரிமாரியுஸ்."

யாரோ காப்பியில் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. கமிட்டி ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். கூரைக்கு வெள்ளையடித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ப்ரிமாரியுஸின் முகம் மட்டும் மலர்ந்தது. "கேட்டீங்களா. உடம்பு தன் இளமையை ஞாபகப்படுத்திக்குது. இதுக்குத்தான் இரண்டாம் வசந்தம்னு பேரு வெச்சேன்."

"இளமை இல்லையாம். உள்சுவரு தடிச்சுப் போயிருக்காம். மாத்திரையை விட்டதால. புத்தா இருக்கான்னு சுரண்டிப் பாக்கணுமாம், திருநாளன்னைக்குக் காலைல."

அந்தப் பெயரைக் கேட்டதும் மேசைக்கு அடியில் பல கைகள் ஒரே சமயத்தில் மரத்தைத் தட்டின. ப்ரிமாரியுஸ் உட்கார்ந்தார். "நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்னு சொல்ல முடியாது. நோயாளியோட விருப்பத்துக்கு மதிப்பு குடுத்தேன்."

"ஆமா. ஆளுக்கு ஏத்த மாதிரி தைச்சீங்க."

ஃபாதர் லாசர் இதற்குள் விரல் விட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "எப்போலேருந்து வருது, தெசாங்கா?"

"மிளகா சுட்ட வாரத்துலேருந்து, ஃபாதர்."

"அப்போ போன ஞாயித்துக்கிழமை அப்பம்..."

"நான்தான் பிசைஞ்சேன். நல்லாப் பொங்கியிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

"உபவாச வயித்துக்கு எதைப் பாத்தாலும் நல்லாத்தான் இருக்கும்," என்றார் ஃபாதர், யாரையும் பார்க்காமல்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. தீட்டு அப்பத்தை உண்டவர்களுக்கு நற்கருணை பலித்ததா இல்லையா. பிஷப்பிடம் சொல்ல வேண்டுமா கூடாதா. சொன்னால் அவர் வருவாரா. பிஷப்புக்கு யார் சுடுவது. புதிமிர் சூட்டைப் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்ற கேள்வியைக்கூட யாரோ எழுப்பினார்கள். தெசாங்காவுக்கு என்ன ஆகும் என்பது பேச்சில் வரவில்லை. கடைசியில் சவேத்தாதான், "போதும், அவ போகட்டும். கன்னியர் மடத்துல கேட்டா அப்பம் குடுப்பாங்க," என்றாள். எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். கருப்பை விவகாரம் அத்துடன் முடிந்தது.

திருநாளன்று கோயில் பவனியில் புதிமிர் கொடி தூக்க வேண்டியிருந்ததால் தெசாங்கா பேருந்தில் போனாள். மாற்றுத் துணி, செருப்பு, செவிலிகளுக்கு ஒரு பொட்டலம் காப்பி. பேருந்து கிளம்பும்போது கோயில் மணி அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். மயக்க ஊசி போட்டபோதும் அப்படித்தான், இரண்டு எண்ணுவதற்குள். இவ்வளவு சீக்கிரம் தூங்குகிறவர்களை நான் பார்த்ததே இல்லை என்றார் மயக்க மருத்துவர்.

சாயங்காலம் புதிமிர் கறுப்புச் சூட்டோடு வந்தார். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சி கொண்டுவந்திருந்தார்.

"பிஷப் அப்பத்தைப் பாராட்டினாரு," என்றார்.

"மடத்து அப்பத்தை?"

"அப்பத்தை. பொதுவா."

முடிவு வர இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் ஜெல்லை நிறுத்தியிருந்ததால் பழைய நெருப்பு திரும்பி வந்தது. வேர்த்து எழுந்து உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் புதிமிரும் விழித்திருப்பது தெரியும்.  அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வருவார். காற்று அடித்தால்தான் மனிதர்களுக்கு எல்லா நோயும் வருகிறது என்று வாழ்நாள் முழுக்க நம்பியவர் அவர். தன் கையால் ஜன்னலைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

நெவென்கா இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள். "எடுத்ததுல பெரும்பாலும் புத்துக்கு முந்தின நிலை. ஒரு இடத்துல அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கு. கருப்பையை எடுத்துடணும். சீக்கிரம் வந்துட்டீங்க."

"கல்லு காரணம் இல்லையா, டாக்டர்?" என்று கேட்டார் புதிமிர்.

"எந்தக் கல்லு?"

"ஒண்ணுமில்ல."

அவருக்குக் கல்லாகவே இருந்திருக்கலாம் என்றிருந்தது. கல்லென்றால் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நடைபாதையில் வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் மூக்கைச் சிந்தினார். டிசம்பர் என்று தான் சொன்னதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளும் கிளறவில்லை. கிளறினால் அவரைத் தேற்ற வேண்டியிருக்கும், அதற்கு அன்று அவளிடம் தெம்பில்லை.

அறுவைச் சிகிச்சை நவம்பரில் நடந்தது. கருப்பையும் சினைப்பைகளும் போயின. வெட்டி எடுத்ததைப் பரிசோதித்ததில் புற்று உள்சுவரைத் தாண்டவில்லை. கதிர்ச் சிகிச்சை வேண்டாம், வந்து காட்டிவிட்டுப் போனால் போதும் என்றாள் நெவென்கா. தெசாங்கா தலையாட்டினாள். பெரிய சந்தோஷம் ஒன்று வந்து கதவைத் தட்டுவது கேட்டது, ஆனால் எழுந்து போய்த் திறக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்ணைத் திறக்கவைக்க ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். முதலில் ப்ரிமாரியுஸ், தொலைபேசியில். குரல் உற்சாகமாக இருந்தது.

"நல்ல சேதி கேட்டேன். ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. கருப்பை இல்லாதவங்களுக்கு மாத்திரை தேவையே இல்ல, ஜெல் மட்டும் போதும். இது உலகம் முழுக்க ஒத்துக்கிட்டது. நான் உங்களுக்குச் சொன்னதும் அதுதான். கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிட்டேன்."

இதை அவள் நெவென்காவிடம் சொன்னபோது, நெவென்கா சிரிக்கக்கூட இல்லை. "சாதாரணமா கருப்பை எடுத்தவங்களுக்கு அது சரி. புத்து வந்து எடுத்தவங்க எங்களைக் கேக்காம எதையும் தடவக்கூடாது. அவர் ஃபோன் பண்ணினா எடுக்காதீங்க."

பிறகு ஃபாதர் லாசர் வந்தார், சவேத்தாவோடும் புதிமிரோடும். கட்டில் தலைமாட்டில் நின்று ஜெபம் சொன்னார். ஜெபம் முடிந்ததும் தொண்டையைச் செருமினார்.

"கமிட்டி கூடிப் பேசினோம், தெசாங்கா. இனி உனக்கு ஒரு தடையும் இல்ல. எந்தக் காலத்துலயும் வரவும் வராது. பழசை யாரும் பேச மாட்டாங்க. அப்பம் ஆயுசுக்கும் உன்னோடதுதான்."

புதிமிர் பின்னால் நின்று சூட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மறுபடியும் தலைவராகிவிட்டார் என்பது அந்தப் பொத்தானைப் பார்த்தாலே தெரிந்தது.

"ஃபாதர், நான் தூங்கணும்," என்றாள் தெசாங்கா.

"தூங்கு, தூங்கு. கிறிஸ்மஸுக்குச் சுட்டாப் போதும்."

"இல்ல, ஃபாதர். கிறிஸ்மஸுக்கும் தூங்கறேன்."

ஃபாதர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார். ஆண்கள் இருவரும் காரைக் கிளப்பக் கீழே போனார்கள். சவேத்தா போகவில்லை. நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வையின் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள். தெசாங்காவைவிட மூன்று வயது இளையவள். தலைக்குச் செம்பட்டைச் சாயம்.

"என்னடி?" என்றாள் தெசாங்கா.

"அந்த மாத்திரை. நானும் எடுக்கறதில்ல. ரெண்டு வருஷமா." சவேத்தா கதவைப் பார்த்தாள். "ஃபாதர் பொண்டாட்டி மாசம் ஒரு ஞாயிறு நற்கருணை வாங்காம நின்னா ஊரே எண்ணுது. ப்ரிமாரியுஸ்கிட்ட சொன்னேன். எனக்கும் தைச்சுக் குடுத்தாரு."

"ரத்தம் வருதா?"

"ரத்தம்னு இல்ல. கறை மாதிரி. ஆகஸ்ட்லேருந்து. அன்னைக்கு மண்டபத்துல நீ சொன்னப்பவே நானும் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரரு பக்கத்துல உக்காந்திருந்தாரு."

தெசாங்கா கூரையைப் பார்த்தாள். இவளுக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டுமா என்று மனம் சலித்தது. சலித்துக்கொண்டே பேசினாள்.

"கீழ் மாடியில பதிவு பண்ற ஜன்னல் இருக்கு. 'கறை மாதிரி'ன்னு அங்க சொல்லாதே. கோடைக்குத் தேதி குடுப்பாங்க. விலக்கு நின்னப்புறம் ரத்தம் வருதுன்னு சொல்லு. அப்படியே, அந்த வார்த்தையிலயே."

"வரிசையில ஆம்பளைங்க நிப்பாங்களே."

"நிப்பாங்க."

"விலக்கு நின்னப்புறம்..." என்று ஆரம்பித்த சவேத்தாவின் குரல் பாதியில் தேய்ந்து போர்வைக்குள் போயிற்று.

"ஜெபம் சொல்ற மாதிரி முணுமுணுக்கறே. அவங்களுக்குக் கேக்காது."

தெசாங்கா வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு பக்கவாட்டில் புரண்டு, காலைக் கீழே இறக்கினாள். தையல் இழுத்தது. சவேத்தா பதறி எழுந்து, படு, படு என்றாள். செருப்பை இந்தப் பக்கம் தள்ளு என்றாள் தெசாங்கா. பதிவு ஜன்னல் ரொம்ப தூரம். நடைபாதைக் கோடியில் இருக்கும் நெவென்காவின் அறை வரைக்கும் நடந்துவிடலாம் என்று தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியும், அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தியுமாக நடந்தார்கள். எண்ணெய்க் காகிதத்தில் வைத்து, புரெக் என்ற இறைச்சி அடைத்த பலகாரத்தைத் தின்றுகொண்டிருந்தாள் நெவென்கா. அன்று அவள் சாப்பிடும் முதல் வாய் அதுவாக இருக்கலாம்.

"நீங்க எழுந்திருக்கக் கூடாதே," என்றாள் தெசாங்காவைப் பார்த்து.

"நான் எழுந்திருக்கல டாக்டர். இவளைக் கொண்டுவந்தேன்."

நெவென்கா சவேத்தாவைப் பார்த்தாள். சாயம் போட்ட தலை, நல்ல கோட்டு, இறுக்கிப் பிடித்த கைப்பை.

"ஜெல்லா?"

சவேத்தா தலையாட்டினாள்.

"மாத்திரை?"

சவேத்தா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கீழேயிருந்து கார் ஹாரன் ஒலித்தது. ஃபாதருக்குக் காத்திருந்து பழக்கமில்லை. நெவென்கா புரெக்கைக் காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கை கழுவக் குழாயைத் திறந்தாள்.

"கோட்டைக் கழட்டுங்க," என்றாள்.